செயலாளர் பதில் அளிக்கவில்லை

அறந்தாங்கிதானா சார் நீங்களும்? நல்லதாப் போச்சு. இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு, பேசிக்கிட்டே போகலாம். நான் அதிகம் பேசறவன் இல்ல. நெடுஞ்சாலைத் துறை ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் இருந்து, சூப்பிரண்டெண்டா ரிட்டயர் ஆனவன். எழுத்துதான் எனக்குப் பழக்கம். ஆனா இந்த விஷயத்தை எழுதப் போய்த்தான் பொண்டாட்டியைப் பிரிஞ்சு பஸ்ஸுல உக்காந்திருக்கேன். அதனால வாயாலயே சொல்றேன்.

பிரிஞ்சுன்னா கோர்ட்டு கேஸு அப்படியெல்லாம் இல்ல. அவ தம்பி வீட்டுக்குப் போயிருக்கா. கோவில் திருவிழான்னு சொல்லிட்டுப் போனா. திருவிழா முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு. பந்தலைக்கூடப் பிரிச்சிருப்பாங்க. நான் போன் பண்ணா தம்பி எடுக்கறான். அக்கா குளிக்கறாங்க மாமாங்கறான். காலைல பண்ணாலும் குளிக்கறா, மத்தியானம் பண்ணாலும் குளிக்கறா. பதினோரு நாளா ஒரு மனுஷி குளிப்பாளா சார்?

விஷயம் என்னன்னா, உங்களுக்கு விங்க்னா என்னன்னு தெரியுமா? தெரியும், இல்ல? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு அறுபத்திரெண்டு வயசுல, போன மாசம்தான் தெரிஞ்சுது. ஆபீஸ்ல அதுக்குத் தேவை வரல. டெண்டர், எஸ்டிமேட், ரோடு ரோலர், இதுல எங்க விங்க் வரும்?

நாங்க இருக்கறது திருச்சில, செண்பகா ஃப்ளாட்ஸ். பன்னெண்டு வீடு. சங்கம் இருக்கு, நான்தான் செயலாளர். யாரும் வேணாம்னு ஓடினப்ப நான் எடுத்துக்கிட்டேன். அதுக்கு முன்னாடி கூட்டம்னா வடை சாப்பிட்டுட்டுக் கலைஞ்சு போவாங்க. நான்தான் பைலா போட்டேன், அஜெண்டா போட்டேன், மினிட்ஸ் புத்தகம் போட்டேன். கெட்டி அட்டை, பக்கத்துக்கு நம்பர். ஒரு மலையாளக் குடும்பமும் ஒரு தெலுங்குக் குடும்பமும் இருக்கறதால மினிட்ஸ் இங்கிலீஷ்ல. கூட்டத்துல நடந்தது ஒண்ணு விடாம அதுல வரணும். அடுத்த கூட்டத்துல எல்லாரும் படிச்சுக் கையெழுத்துப் போடணும். படிக்க மாட்டாங்க, ஆனா போடுவாங்க.

போன மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. நான் ஆண்டறிக்கை வாசிக்கறேன். நிலத்தடித் தண்ணித் தொட்டி சுத்தம் பண்ணது பத்தி நாலாவது பக்கம். நல்லாப் போய்க்கிட்டு இருக்கு. எல்லாரும் அமைதியா இருந்தாங்க. ரெண்டு பேரு கண்ணை மூடிக் கவனிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் தண்ணி குடிக்கலாம்னு நிமிந்தேன். ரெண்டாவது வரிசைல என் சம்சாரம் மனோன்மணி. வீடு அவ பேர்ல இருக்கறதால அவளும் உறுப்பினர். என்னைப் பாத்து இடது கண்ணை மட்டும் மூடித் தொறந்தா சார். மூக்கைச் சுருக்கினா. நாக்கு நுனி லேசா வெளிய வந்துட்டு உள்ள போச்சு. அவ்வளவுதான், ஒரு நொடி. அப்பறம் பழையபடி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா.

நான் வரி தவறிட்டேன். வாசிச்ச பாராவையே திரும்ப வாசிச்சேன். தொட்டி இந்த ஆண்டில் இரண்டு முறை சுத்தம் செய்யப்பட்டதுன்னு ரெண்டு தடவை வாசிச்சுட்டேன். உடனே மூணாவது மாடி மலையாளி எந்திரிச்சு, அப்ப மொத்தம் நாலு முறையான்னு கேட்டாரு. கண்ணை மூடிக் கவனிச்சவங்கள்லாம் முழிச்சுக்கிட்டாங்க. ரெண்டா நாலாங்கறது இன்னி வரைக்கும் முடிவாகல. முப்பத்திநாலு வருஷத்துல சீஃப் இன்ஜினியருக்கு முன்னாடியே வரி தவறாதவன் சார் நான்.

எனக்குக் கோவம் வராது. எதையும் ஒழுங்குப்படி செய்வேன், அவ்வளவுதான். பைலா பதினாலாவது விதி, கூட்டத்துக்குப் பொருந்தாத செய்கை எதுவா இருந்தாலும் யார் செஞ்சாலும் உள்ளது உள்ளபடி மினிட்ஸ்ல பதியணும். போட்டவனே நான். என் பொண்டாட்டிங்கறதுக்காக விட்டா நாளைக்கு என்னை மதிப்பாங்களா? அதனால பதியறதுன்னு முடிவு பண்ணேன். ஆனா பேனாவை எடுத்தா, அவ பண்ணதுக்கு இங்கிலீஷ்ல வார்த்தை தெரியல.

தமிழ்ல கண்ணடிக்கறதுன்னு சொல்லலாம், அழகு காட்டறதுன்னு சொல்லலாம். ஆனா மினிட்ஸ் இங்கிலீஷ்ல ஆச்சே. ரெண்டாவது மாடில லூர்துசாமி சார் இருக்காரு, காலேஜ்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தவரு. அவர் வீட்டுக்குப் போய் மணி அடிச்சேன். கதவைத் தொறந்தது அவர் வீட்டம்மா. என்ன விஷயம் அண்ணான்னு கேட்டாங்க. வாயால விளக்கறதுக்குப் பதிலா இதுக்குத்தாம்மா வந்தேன்னு செஞ்சு காட்டினேன். கதவைச் சாத்திட்டாங்க. இப்ப என்னைப் பாத்தா லிப்டுல ஏற மாட்டேங்கறாங்க, மூட்டுவலியோட படியில போறாங்க. உதவி கேக்கப் போனவனை இப்படி நடத்தலாமா?

லூர்துசாமி சாரை அப்பறம் மொட்டை மாடில பிடிச்சேன். அவரு மூணு வார்த்தை சொன்னாரு. கிரிமேஸ்னாரு. பாத்தா அது வலியில முகம் கோணறதாம், வயித்துவலிக்காரனுக்குப் பொருந்தும். லீர்னாரு. அதுக்கு அர்த்தம் கேட்டப்ப எனக்கு ஆத்திரமே வந்துடுச்சு, கெட்ட பார்வையாம். என் பொண்டாட்டியைப் பத்தி இப்படிச் சொல்ல நீங்க யாருன்னு கேட்டுட்டேன். கடைசில அவரு, சும்மா மேட் எ ஃபேஸ்னு எழுதிட்டுப் போங்கன்னாரு. அது எழுதற மாதிரியா இருக்கு? முகத்தைச் செஞ்சாள்னு பதிஞ்சா படிக்கறவன் என்ன நெனப்பான்?

அந்த ஒரு வாரமும் நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே. பேங்க்குல எங்க ஆபீஸ் பழைய ஸ்டெனோ ஒருத்தரைப் பாத்தேன், நல்ல இங்கிலீஷ்காரரு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தாரு, பேசினாக் கேக்கல, செஞ்சு காட்டினேன். அவருக்குப் பின்னாடி இருந்த அம்மா மேனேஜரைக் கூப்பிட்டுட்டாங்க. மருந்துக்கடைக்காரர்கிட்ட காட்டினேன், கண்ணுக்குச் சொட்டுமருந்து எடுத்து வச்சாரு. எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது சார், ரெண்டும் சேந்து மூடிக்கும். அதனால பாக்கறவங்களுக்கு விஷயம் சரியாப் போய்ச் சேரல.

கடைசில எங்க தெருமுனை டைப்பிங் கடைல ஜெசீமான்னு ஒரு பொண்ணு. சங்கத்து சுற்றறிக்கையெல்லாம் அதுதான் அடிச்சுக் குடுக்கும். அதுகிட்ட செஞ்சு காட்டினேன். பயப்படல சார் அந்தப் பொண்ணு. விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்பறம் தன் போனை எடுத்து மஞ்சள் கலர்ல உருண்டையா ஒரு மூஞ்சியைக் காட்டி, இதுவா அங்கிள்னு கேட்டுச்சு. சார், அச்சு அசல். ஒரு கண்ணு மூடி, நாக்கு வெளிய. மனோன்மணிக்கு மூக்குத்தி இருக்கும், அது ஒண்ணுதான் குறை. இதுக்குப் பேரு விங்க், அங்கிள்னுச்சு.

எவ்வளவு சின்ன வார்த்தை பாருங்க. வீட்டுக்கு வந்து டிக்ஷனரியை எடுத்துச் சரிபாத்தேன். ஒரு கண்ணை மட்டும் சட்டுனு மூடித் தொறக்கறதுன்னு போட்டிருந்துச்சு. அதுக்கப்பறமும் என்னவோ வேடிக்கைக்காகவோ, ரெண்டு பேருக்குள்ள ரகசியமாவோ, பிரியத்தைத் தெரிவிக்கவோன்னு நீட்டிக்கிட்டே போச்சு. அதெல்லாம் எனக்குத் தேவைப்படல. செய்கை என்னவோ அதைத்தான பதியணும், காரணம் நம்ம வேலை இல்லையே.

உக்காந்து பதிஞ்சேன். தமிழ்ல சொன்னா இப்படி வரும். காலை பதினொண்ணு நாப்பத்திரெண்டு மணிக்கு, ஏ-ஏழு உறுப்பினர் திருமதி மனோன்மணி அவர்கள், அறிக்கை வாசித்துக்கொண்டிருந்த செயலாளரைப் பார்த்து விங்க் செய்தார், இடது கண். செயலாளர் பதில் அளிக்கவில்லை. ரெண்டே வரி. கூட்டிக் குறைச்சு ஒரு வார்த்தை இல்ல. அவர்கள்னு மரியாதை வேற குடுத்திருக்கேன்.

அவசரக் கூட்டம் ஒண்ணு, மோட்டார் ரிப்பேருக்காக. எல்லாரும் படிக்காமக் கையெழுத்துப் போட்டாங்க. மனோன்மணி மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசும் படிச்சா. அவளுக்கு இங்கிலீஷ் நிதானமா வரும், எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவ. படிச்சு முடிச்சுட்டுக் கையெழுத்தும் போட்டா. நான் நெனச்சேன், பாரு, ஒழுங்கு தெரிஞ்ச பொம்பளைன்னு. வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடுத்தா. நான் பாதி குடிச்சிருப்பேன், அப்பக் கேட்டா.

"ஏங்க, அந்த ரெண்டாவது வரியை எழுதித்தான் ஆகணுமா?"

நடந்ததைத்தான எழுதினேன்னேன். முதல் வரில தப்பு ஒண்ணும் இல்ல, நான் செஞ்சதுதான், ஊருக்கே தெரிஞ்சாலும் எனக்கு வெக்கமில்லைன்னா. அப்பறம் அவ சொன்னதை அப்படியே சொல்றேன் சார்.

"கல்யாணம் ஆகி நீங்க ஆபீஸ் போன முப்பத்தொரு வருஷமும் வாசல் கேட் பக்கத்துல நின்னு இதைத்தான் செஞ்சேன். அன்னிக்குத்தான் நிமிந்து பாத்தீங்க."

தினமுமான்னு கேட்டேன். தினமும்னா. நான் ஸ்கூட்டரை வெளிய எடுப்பேன், வாட்சைப் பாப்பேன், கிளம்பிடுவேன். கேட்டுக்கிட்ட அவ நிப்பா, கேட்டைச் சாத்தறதுக்கு நிக்கறாள்னு நெனச்சேன். ஸ்கூட்டர்ல கண்ணாடி இருக்கு, ஆனா அது பின்னால வர்ற வண்டியைப் பாக்கறதுக்கு. இவ்வளவு வருஷமா ஏன் இது என் கவனத்துக்குக் கொண்டுவரப்படலன்னு கேட்டேன். கேட்டது தப்பா சார்? அவ காபி டம்ளரை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டா. அதுல இன்னும் பாதி காபி இருந்துச்சு. மறுநாள் காலைல திருவிழான்னு கிளம்பிட்டா.

முதல் ரெண்டு நாள் நான் கவலைப்படல. மூணாவது நாள் தண்ணி நின்னு போச்சு. எங்க மோட்டார் ஸ்விட்சைப் போட்டுட்டுப் பக்கத்துல ஒரு தட்டு தட்டணும், அந்த இடம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பன்னெண்டு வீட்டுக்காரங்களும் வந்து தட்டிப் பாத்தாங்க. லாரித் தண்ணிதான். சங்கத் தலைவர் ராமபத்ரன், பல் டாக்டரு, என்னைக் கூப்பிட்டு, ஆதிமூலம், அந்த ரெண்டு வரியையும் அடிச்சுட்டு வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்கன்னாரு. அதுக்கே ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானமும் நிறைவேத்திட்டாங்க. மொத்த சபையும் கை தூக்கிச்சு. நீக்கறதுக்குச் சம்பந்தப்பட்ட உறுப்பினர் கையெழுத்து வேணும், அது என் பைலாதான். அதான் புத்தகம் பையில இருக்கு.

ஆனா சார், தண்ணி இல்லைங்கறது பெரிசில்ல. வீடு எனக்குப் பிடிக்கல. உள்ளதைச் சொல்றேன். மூணு வேளையும் தயிர்சோறு, அதுகூடப் பரவாயில்ல. எதையாவது எழுதினா வாசிச்சுக் காட்ட ஆள் இல்ல. அவ கேக்கறாளா இல்லையான்னு நான் பாத்ததில்ல, ஆனா அடுப்படியில இருந்து ம்ம்னு ஒரு சத்தம் வரும். இப்ப நான் வாசிச்சா வாசிச்சதோட சரி.

ஒரு நாள் சும்மா உக்காந்து கணக்குப் போட்டேன். முப்பத்தொரு வருஷம். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை, கேஷுவல் லீவு, எனக்கு மஞ்சக்காமாலை வந்த நாப்பது நாள், அவ பிரசவத்துக்குப் போன ஆறு மாசம், எல்லாம் கழிச்சேன். ஏழாயிரத்துச் சொச்சம் வருது சார். ஏழாயிரம் தடவை. அதுல நான் பாத்தது ஒண்ணு. அந்த ஒண்ணுலயும் என்ன பண்ணேன்? மணியைக் குறிச்சேன்.

நேத்து சாயங்காலம் சிவப்பு மசி பேனாவும் ஸ்கேலும் எடுத்து வச்சுக்கிட்டு அடிக்க உக்காந்தேன். முதல் வரியில ஸ்கேலை வச்சேன். கை வரல. ஏன்னா, அடிச்சா அது நடக்கவே இல்லைன்னு அர்த்தம். மிச்சம் ஏழாயிரத்துக்கும் ரெக்கார்டு கிடையாது. இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் அடிச்சுட்டா நாளைக்கு நானே மறந்துடுவேன், எனக்கு எழுத்துல இருந்தாத்தான் ஞாபகம். அன்னிக்கு அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா சார்? யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்ட சொல்றேன். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான் வரி தவறினேன். கோவத்துல இல்ல.

சரி, ரெண்டாவது வரியை மட்டும் அடிப்போம்னு ஸ்கேலைக் கீழ எறக்கினேன். அதுவும் முடியல. செயலாளர் பதில் அளிக்கலைங்கறது உண்மை. உண்மையை அடிக்கற பழக்கம் எனக்குக் கிடையாது, எந்தத் தணிக்கைலயும் நான் மாட்டினதில்ல. அப்பத்தான் ஆபீஸ் வழி ஒண்ணு தோணிச்சு. ஒரு கடுதாசிக்குப் பதில் போகலைன்னா, பதில் போகலைங்கற குறிப்பை யாரும் அழிக்க மாட்டோம். பதிலை அனுப்பிட்டு, கீழ இன்ன தேதியில பதில் அனுப்பப்பட்டதுன்னு ஒரு குறிப்பு சேப்போம். ஃபைல் முடிஞ்சுது. தாமதம்தான், ஆனா முடிஞ்சுது. வந்தது எந்த வடிவத்துல வந்துச்சோ பதிலும் அந்த வடிவத்துல போகணும். அதுதான் முறை.

அதனால நேத்துல இருந்து பழகறேன். எங்க வீட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன், ரெண்டு கண்ணும் மூடிக்குது, அதனால சரியா வந்துச்சா வரலையான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. வாட்ச்மேனை எதிர்ல நிக்க வச்சுப் பழகினேன். அஞ்சாவது தடவை அவரு வேலையை விட்டு நின்னுக்கறேன் சார்னுட்டாரு. இன்னிக்குக் காலைல பஸ் ஸ்டாண்டுல கண்டக்டரைப் பாத்து ஒரு தடவை செஞ்சேன். அவரு என்னைப் பாஸ் வச்சிருக்கற ஸ்டாஃபுன்னு நெனச்சு டிக்கெட்டே கேக்கல. நானாக் கூப்பிட்டுத்தான் வாங்கினேன்.

புதுக்கோட்டை தாண்டினதுல இருந்து நீங்க என்னைக் கொஞ்சம் தள்ளி உக்காந்தே பாக்கறீங்க, எனக்குத் தெரியுது. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. இப்ப. வலது கண்ணு கொஞ்சமாவது தொறந்திருந்துச்சா? இல்லையா. மூக்கு? மூக்கு சரியா இருக்கா. நாக்கை வெளிய விட வேண்டாம்னு வச்சிருக்கேன், மச்சான் பக்கத்துல நிப்பான், வேற மாதிரி நெனச்சுக்குவான்.

அவகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்கல. பேச்சு வேணாம். பேசினா நான் எதையாவது ஒழுங்குப்படி சொல்லிக் கெடுத்துடுவேன். பதிலைக் குடுக்கணும், அவ்வளவுதான். அவ ஏத்துக்கலைன்னா இதே பஸ்ஸுல திரும்ப வேண்டியதுதான். அப்படித் திரும்பினா அந்த வீட்டுல நான் எப்படி இருக்கப் போறேன்னு தெரியல சார். நெசமாத் தெரியல.

ஊர் வந்துடுச்சா அதுக்குள்ள? நான்தான் மூச்சுவிடாமப் பேசியிருக்கேன். பஸ் ஸ்டாண்டுக்கு மச்சான் வர்றேன்னான். கருப்பா, உயரமா, வெள்ளைச் சட்டையில இருப்பான். எங்க... அந்தக் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்துல...

சார், அது மச்சான் இல்ல. அவளே நிக்கறா. ஊதாச் சேலை. கைல குடை வச்சிருக்காளே, அவதான். ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துக்கிட்டு வர்றா. தலைமுடி ஈரமாத்தான் இருக்கு, அப்ப நெசமாவே குளிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா.

இந்த ஜன்னலுக்கு வந்துட்டா. பாத்துட்டா சார் என்னை. கொஞ்சம் இருங்க, இப்பத்தான், இப்பவே குடுத்துடறேன்.

குடுத்துட்டேன். ரெண்டும் மூடிடுச்சு, இல்ல? இறுக்கமா மூடிடுச்சு, எனக்கே தெரிஞ்சுது. நான் கண்ணைத் தொறக்கறதுக்குள்ள அவ குடையைக் கொண்டு மூஞ்சியை மறைச்சுக்கிட்டா. தோள் மட்டும் குலுங்குது. நடுவுல என்ன நடந்துச்சு சார்? அவ என்னைப் பாத்து ஏதாவது பண்ணாளா? நான் பாக்கலையே. மறுபடியும் நான் பாக்கலையே சார்.

நீங்க பாத்தீங்க. உங்களுக்குச் சிரிப்பு வருது, அப்ப நீங்க பாத்திருக்கீங்க. வேணாம், சொல்லாதீங்க. நானே போய், இன்னொரு தடவை பண்ணுன்னு அவகிட்ட கேட்டுக்கறேன். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க சார், எறங்கணும்.